உப்புக் கரிச்ச வெல்லம்

தாராளமா உக்காருங்க. பைய நான் எடுத்து மடியில வெச்சுக்கறேன். நீங்களும் சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரங் கழிச்சு ரத்தம் குடுக்கத்தான வந்திருக்கீங்க? அப்ப நமக்குள்ள ஒளிவு மறைவு எதுக்குங்க. இந்த லேப் பெஞ்சுல உக்காந்தவங்க எல்லாருக்கும் ஒரே கதைதான். வெறும் வயித்துல ஒரு ஊசி, காலைச் சோத்தத் தின்னுட்டு ஒரு ஊசி. என்னுங்க, இட்டலியா தோசையா? பொங்கலா! அடேங்கப்பா, தைரியசாலிதான் நீங்க.

எனக்குச் சக்கரை வந்து எட்டு வருசமாச்சுங்க. வந்ததப் பத்தி எனக்கு வருத்தமே கெடையாது. வெல்ல மண்டில ருசி பாக்கறவனுக்குச் சக்கரை வராம வேற என்ன வரும்? பேரு சென்னியப்பன். கோபி பக்கம் வெல்ல மண்டில எறங்கி, ருசி பாக்கற சென்னியப்பன்னு கேளுங்க. டீக்கடைக்காரன் கூட அடுப்ப விட்டுட்டு வந்து வழி காட்டுவான்.

என்ன வேலைன்னு கேக்கறீங்களா? வெல்லம் மூட்டை கட்டி, சிப்பஞ் சிப்பமா வந்து எறங்குமுங்க. வியாபாரிக கண்ணுல பாத்து வெலை சொல்ல முடியாது. நெறத்த நம்புனவன் உருப்பட்டதில்ல. நான் ஒரு உருண்டைய எடுத்து முன்னம்பல்லுல ஒரு கடி கடிப்பேன். கெட்டியா இளகலான்னு பல்லு சொல்லிப்போடும். மிச்சத்த நாக்கு சொல்லும். எந்த மண்ணுல வெளஞ்ச கரும்பு, என்ன தண்ணி பாச்சுனான், பாகு எறக்கற நேரத்துல பீடி குடிக்கப் போயிட்டானா, எல்லாந் தெரிஞ்சுரும். உப்புத்தண்ணிக் கெணறுன்னா வெல்லம் லேசா உப்புக் கரிக்கும். அதக் கண்டுபுடிக்கத்தான் நான். நான் 'நயம்'னு சொன்னா நயம். 'கரிக்குது'ன்னு சொல்லிட்டா அந்தச் சிப்பத்த ஆரும் தொட மாட்டாங்க.

இத இந்தச் சக்கரை டாக்டரு கதிர்வேலுக்கு விளக்கறதுக்குள்ள எனக்கு ஒரு ஆயுசு போச்சுங்க. "வெல்லம் திங்கறீங்களா?"ன்னாரு. "திங்கறதே இல்லீங்க, கடிச்சுத் துப்பிருவேன்"ன்னேன். "சந்தையன்னைக்கு எத்தனை உருண்டை கடிப்பீங்க?"ன்னாரு. "அத ஆருங்க எண்ணிட்டிருக்கறா?"ன்னேன். மனுசன் பேனாவ மூடி வெச்சுட்டு என்னையே பாத்தாரு. நீங்களே சொல்லுங்க, வயித்துக்குள்ள போனாத்தான சாப்பாடு? வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவன விருந்துக்கு வந்த ஒறம்பரைன்னு கணக்குல சேப்பாங்களா? அத்தனை படிச்சவருக்கு இது புரியல. சக்கரை எறங்கலீங்கன்னு மாத்திரைய மட்டும் ஏத்திக்கிட்டே போனாரு.

டெஸ்டுக்கு முந்தி ரெண்டு நாளு பத்தியம் இருந்து, நல்லபடியா ஒரு கணக்குக் காட்டலாம்னா, அதுக்கும் வழியில்லாம, மூணு மாசத்துச் சக்கரைய ஒரே ஊசில கண்டுபுடிக்கற டெஸ்டா எழுதிக் குடுத்துட்டாரு. எம்மேல அவ்வளவு நம்பிக்கை.

சரி, அத விடுங்க. இந்தப் பருவத்துல நான் பட்ட பாட்டச் சொல்றேன்.

மார்கழில ஆரம்பிச்சுதுங்க. விடியால கடிக்கற மொத நாலஞ்சு சிப்பம் நல்லாத்தான் இருக்கும். அப்பறம் போகப் போக எல்லாம் உப்பு. ஒருத்தன் ரெண்டு பேருன்னா கெணத்தச் சொல்லலாம். ஆத்துத் தண்ணி பாயற காட்டு வெல்லமுங் கரிக்குது, வாய்க்காப் பாசனமுங் கரிக்குது. என்னடா இது, ஊரு மண்ணே கெட்டுப் போச்சான்னு எனக்கு ஒரே வெசனம். நான் ஒருத்தன் வெசனப்பட்டு என்னங்க பண்றது? ஒரு பயலுக்காவது அந்தக் கவலை இருந்துச்சா? அதுக்குப் பதிலா இவனுக ஒரு தந்திரம் கண்டுபுடிச்சானுக. எப்படியோ என்ற கடிக்கு மொத ஆளா சிப்பத்தக் கொண்டு வந்து வெச்சர்றது. கோழி கூப்பிடறதுக்கு முந்தியே டெம்போவ நிறுத்திட்டு, நான் முந்தி, நீ முந்தின்னு அடிதடி. கோயில்ல கூட இப்பிடி நின்னு நான் பாத்ததில்ல. என்ற நாக்கு மேல அவ்வளவு மரியாதைன்னு நெனச்சுட்டேன். பின்னால நிக்கறவன் சரக்குத்தான் உப்பாவே இருக்குது, கெட்ட சரக்குக்காரன் ஒளிஞ்சு நிக்கறான்னும் கண்டுபுடிச்சேன். இதெல்லாம் அனுபவத்துல வர்றதுங்க.

இன்னொரு அக்கிரமத்தக் கேளுங்க. நடுநடுவுல செம்புத் தண்ணில வாய் கொப்புளிச்சுத் துப்புவேன். தண்ணி செவப்பா வந்துச்சு. புரியுதுங்களா? வெல்லத்துக்குச் சாயங் கலக்கறானுக! சும்மா விடுவனா? மண்டி ஓனர் குப்பண்ண அண்ணனக் கூப்பிட்டு, துப்புனதக் காட்டி, "இது என்னன்னு பாருங்க"ன்னேன். அவரு குனிஞ்சு அதப் பாத்தாரு, நிமிந்து என்னையப் பாத்தாரு. "சென்னியப்பா, ரெண்டு நாளு ஊட்டுல இருந்து ஓய்வெடுத்துக்கோ"ன்னாரு. சாயம் போட்டவனுக்கு ஒண்ணுமில்ல, கண்டுபுடிச்சவனுக்கு லீவு. நாயம் எப்பிடி இருக்குது பாருங்க. அப்பறம் கலப்படம் பாக்கற ஆபீசரு வந்து வெல்லத்தச் சோதிச்சுப் பாத்துட்டு, சாயமே இல்லைன்னு சொல்லிட்டுப் போனாரு. அவருக்கு என்னத்தத் தெரியும், அவரென்ன கடிச்சா பாத்தாரு?

தை பொறக்கறதுக்கு முந்துன சந்தை. என்ற தங்கச்சி பாவாத்தாள் சரக்குக் கொண்டு வந்தா. மச்சான் போய்ச் சேந்ததுக்கப்பறம் எங்கப்பா காட்டுலயே தனியாளா கரும்பு வெட்டி, வெல்ல ஆலையும் அவளே ஓட்டறா. எனக்குக் கூடப் பொறந்தது அவ ஒருத்திதானுங்க. அப்பா அம்மா போனதுக்கப்பறம் என்னைய 'அண்ணா'ன்னு கூப்பிட வேற ஆரும் கெடையாது. அவ தள்ளுமுள்ளுல பூந்து வர்ற ரகம் இல்ல. எல்லாரையும் விட்டுட்டுக் கடைசியா நின்னா. நானும் மண்டி பூராக் கடிச்சு முடிச்சு, கடைசில அவ உருண்டைய எடுத்துக் கடிச்சேன்.

உப்பு. உப்புன்னா உப்பு, கருவாடு மாதிரி.

நாலு வியாபாரி என்ற மொகத்தையே பாக்கறானுங்க. தங்கச்சி சரக்காச்சே, என்ன சொல்லப் போறான்னு. நான் யோசிக்கவே இல்லீங்க. "கரிக்குது"ன்னுட்டேன். மண்டியே அசந்து போச்சு. "அண்ணா, நம்மூட்டுக் கெணத்துத் தண்ணியக் குடிச்சுத்தான நீ வளந்த? இன்னொருக்காக் கடிச்சுப் பாரு"ன்னா. "ஒறவு ஊட்டோட பாவாத்தா, இங்க நாக்குத்தான் நாயம்"ன்னேன். எப்படி? அன்னைக்கு வியாபாரிக என்னையப் புகழ்ந்த புகழ்ச்சிய நீங்க கேட்டிருக்கோணும். அவ சிப்பத்தப் பூரா டெம்போவுல திருப்பி ஏத்தச் சொன்னா. ஏறி உக்காந்துட்டு, "இப்பக் கட்டைல தழைஞ்சு நிக்கற கரும்போட முடிஞ்சுதுண்ணா. ஆலையப் பிரிச்சுப் போட்டர்றேன்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

பொங்க நோம்பிக்கு அண்ணன் தங்கச்சிக்குச் சீர் குடுக்கோணுமில்லீங்க? சேலை, பச்சரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் ஆள் மூலமா அனுப்பினேன். விடியால நானே பொறுக்கி எடுத்த வெல்லம். எல்லாத்தையும் வாங்கிட்டு, வெல்லத்த மட்டும் திருப்பி அனுப்பிட்டா. "எங்கூட்டு உப்பு வெல்லமே சிப்பஞ் சிப்பமாக் கெடக்குது, அதுலயே பொங்கல் வெச்சுக்கறோம்னு அண்ணங்கிட்டச் சொல்லு"ன்னு சொன்னாளாம். பாருங்க, எவ்வளவு திமிரு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. ஈறு நோவுதுன்னு ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன். ஈறும் நோவத்தான் செஞ்சுது.

மாசில ஒரு நாளு மண்டில நல்ல கூட்டம். ஒரு உருண்டைய எடுத்து ஓங்கி ஒரு கடி கடிச்சனுங்க. கைல உருண்டை இருக்குது, வாயில என்னமோ எடம் காலியா இருக்குது. பாத்தா என்ற முன்னம்பல்லு வெல்லத்துல நட்டு வெச்சாப்பல நிக்குது. வெல்லத்துக்குச் சொந்தக்காரன் இருக்கானே, அவனுக்கு என்ன எகத்தாளம்! "ஏனுங்க, எங்க வெல்லத்துல சுக்கும் ஏலக்காயுந்தான் போடுவமுங்க. பல்லுப் போடறதில்லீங்க"ன்னான். மண்டியே சிரிக்குது. இருவது வருசமா நான் வாயத் தெறந்தா மூச்சு விடப் பயந்தவனுக.

அப்பறம் ஊட்டுக்காரி ருக்குமணி என்னையப் பல்லு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. டாக்டரம்மா பேரு தேன்மொழி. பேருதான் தேன்மொழி. கேட்ட மொதக் கேள்வியே, "ஐயா, உங்களுக்குச் சக்கரை இருக்குதுங்களா?" நான் பல்லுக்கு வந்திருக்கேன், இந்தம்மா ரத்தத்துக்குப் போகுது. நாளைக்கு முடி வெட்டப் போனா ரேசன் கார்டு கேப்பாங்களாட்ட இருக்குது. "இருக்குது, அதுக்கென்ன?"ன்னேன். "ஈறுல எத்தனை நாளா ரத்தம் வருது?"ன்னாங்க. "வர்றதில்ல, பிரஷ்ஷு சரியில்ல"ன்னேன். "மார்கழில இருந்து தலகாணி உறையெல்லாம் கறைங்க டாக்டர்"ன்னு ருக்குமணி சாட்சி சொல்றா. நான் கேட்டனா அவள?

ஒரு கம்பியாட்டம் எடுத்து ஈறுல லேசா அழுத்துனாங்க. கண்ணாடியக் காட்டுனாங்க. ரத்தமுஞ் சீழுமா வருது. "ஈறு நோய் முத்திருக்குதுங்கய்யா. சக்கரை எச்சா இருந்தா ஈறு சீக்கிரங் கெடும். கெட்ட ஈறுல புண்ணும் கிருமியும் இருக்கற வரைக்கும் சக்கரையும் சுலபமா எறங்காது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொணை. டாக்டர் மாத்திரைய ஏத்தியும் எறங்கலைன்னா, இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்"ன்னாங்க. எனக்குச் சிரிப்புத் தாங்கல. "ஏனுங்கம்மா, பல்லுக்கும் சக்கரைக்கும் எப்பங்க சம்பந்தம் பேசி முடிச்சாங்க? எனக்குப் பத்திரிக்கையே வரலையே"ன்னு கேட்டேன். அந்தம்மா சிரிக்கல.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. இது ரெண்டு டாக்டரும் பேசி வெச்ச ஏற்பாடு. நீ உன்ற ஆள எங்கிட்ட அனுப்பு, நான் என்ற ஆள உங்கிட்ட அனுப்பறேன். நான் நெனச்சது சரியாப் போச்சு பாருங்க, அந்தம்மா என்ற முன்னாலயே கதிர்வேலு டாக்டருக்குப் போன் போட்டுட்டாங்க. அவரு அங்கிருந்து என்ன சொல்றாரு? "இவ்வளவு வருசமா இவரு காலு வெரலப் பாத்திருக்கேன், கண்ணப் பாக்க அனுப்பியிருக்கேன். வாயத் தெறங்கன்னு ஒரு தடவை கூடச் சொல்லலீங்க"ன்னு வருத்தப்படறாரு. ஏன் சொல்லோணும்? நாந்தான் வாய மூடுனதே இல்லையே. எப்பவும் தெறந்துதான இருந்துச்சு, எட்டிப் பாத்திருக்கலாம்.

என்ற தொழிலக் கேட்டுட்டு தேன்மொழியம்மா என்ன சொன்னாங்க தெரியுங்களா? "இந்த வாய வெச்சுட்டு எப்படிங்கய்யா ருசி பாத்தீங்க? கடிக்கக் கடிக்க ரத்தம் வந்திருக்குமே, எல்லாமே உப்பாத்தான இருந்திருக்கும்?" நான் ருக்குமணியத் திரும்பிப் பாத்தேன். பாத்தயா? மெத்தப் படிச்ச டாக்டரே ஒத்துக்கறாங்க, இந்த வருசம் எல்லாமே உப்புன்னு! நான் சொன்னப்ப ஒருத்தனாவது நம்பினானா? ருக்குமணி தலையில அடிச்சுக்கிட்டா. பொம்பளைகளுக்கு நம்ம ஜெயிச்சாப் புடிக்காதுங்க.

அப்பறம் ஈறுக்கு உள்ளார பூந்து சுத்தம் பண்ணுனாங்க. ஒரே நாள்ல இல்ல, கொஞ்சங் கொஞ்சமாப் பல வாரம். ஆடுன பல்லு இன்னொண்ணையும் எடுத்துட்டாங்க. கரித்தூள் போட்டுத் தேய்க்காதீங்க, மெதுவான பிரஷ்ஷுல ராத்திரியும் தேய்ங்கன்னு பாடம். ஈறு ஆறற வரைக்கும் வெல்லம் வாயில படக்கூடாதுன்னு தடை. "துப்பிருவனுங்க"ன்னேன். "துப்பறது பாதிதான். கன்னத்துலயும் பல்லிடுக்குலயும் ஒட்டறது அங்கயே கரைஞ்சு உள்ள போகுது. கிருமிக்கும் விருந்து, உங்க சக்கரைக்கும் விருந்து"ன்னாங்க. பல்லிடுக்குல நிக்கறது கூட ஒறம்பரைதானாமா. என்ன கணக்கோ.

மண்டில எனக்குப் பதிலா தங்கராசுவ ருசி பாக்க விட்டாங்க. அதெல்லாம் ஒரு நாக்கா? செருப்புத் தோலு. அவன் பாத்த அத்தனை சந்தைலயும் ஒரு சிப்பங் கூடக் கரிக்கலைன்னு சொல்லிட்டான்னா பாத்துக்கோங்க.

சுத்தம் பண்ணுனதுக்கப்பறம் மூணு மாசச் சக்கரை டெஸ்டு எடுத்தாங்க. எறங்கிருச்சு. கதிர்வேலு டாக்டருக்கு மொகமெல்லாம் பல்லு. மாத்திரைய ஏத்தாம விட்டது இதுதான் மொதத் தடவை. ஈறு தேறுனதும், வெல்லங் கடிக்காம இருந்ததுந்தான் காரணம்னு அவரு சொல்றாரு. எனக்கென்னமோ நான் நல்லா நடந்ததுதான்னு படுது. நடந்தது பூராப் பல்லாஸ்பத்திரிக்குத்தான், இருந்தாலும் நடை நடைதானுங்க.

இப்ப வைகாசில, எல்லாம் ஆறிருச்சு, ஒரு சந்தைக்கு மட்டும் போங்க, நகக்கண்ணளவு கிள்ளி நாக்குல வெச்சுப் பாத்துட்டு ஒடனே வாயக் கழுவிருங்கன்னு ரெண்டு டாக்டரும் அனுமதி குடுத்தாங்க. கட்டுப்பல்லு வேற வெச்சுக் குடுத்திருக்காங்க, பாருங்க, தெரியுதுங்களா? போய்ப் பாத்தா மண்டில அதிசயம். மொதச் சிப்பம் இனிப்பு. நடுச் சிப்பம் இனிப்பு. வெயில் ஏறியும் இனிப்பு. ஒருத்தன் சரக்குலயும் உப்பு இல்ல. அப்ப நான் மார்கழில இருந்து போட்ட சத்தம் வீணாப் போகல. பயந்து போயி ஊருல பாதிப் பேரு தண்ணியவே மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்.

கடைசில ஒரு வரிசை சிப்பம் கெடந்துச்சு. ஆருதுன்னு கேக்கல. கேக்கற பழக்கமும் இல்ல. கிள்ளி நாக்குல வெச்சேன். ஏனுங்க, நான் எத்தனையோ வெல்லத்தப் பாத்திருக்கேன். நெருப்பு ஒரு துளி கூடாம, ஒரு துளி கொறையாம, பாகத்துல எறக்குன வெல்லம். மண்ணோட வாசம் அப்பிடியே நிக்குது. என்னையறியாம, "ஆருதுங்க இது? இதுல்ல வெல்லம்! நயத்துலயும் நயம்!"னு கத்திட்டேன்.

சிப்பந் தூக்கற மாரப்பன் மெதுவா, "உங்க தங்கச்சிதுங்க. தைக்கு முந்தி நீங்க கரிக்குதுன்னு சொன்ன அதே சிப்பம். கட்டுன கயிறு கூட அவுக்கலீங்க"ன்னான்.

திரும்பிப் பாத்தா, சிப்பத்துக்குப் பின்னால பாவாத்தாள் நிக்கறா.

எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்துச்சோ தெரியலீங்க. "நாலு மாசம் நெழல்ல கெடந்தா உப்பு முறிஞ்சுரும்"னேன். மண்டி பூராச் சிரிச்சுது. குப்பண்ண அண்ணன் சிரிக்கல. எங்கிட்ட வந்து காதுல சொல்றாரு: "பக்கத்து ஊரு மண்டிக்காரங்க இதக் கேட்டு இவ ஊட்டுக்கே வந்தாங்க சென்னியப்பா. குடுக்க மாட்டேன்னுட்டா. அண்ணன் கரிக்குதுன்னு சொன்ன சரக்கு அங்க நயமுன்னு போச்சுன்னா, அண்ணன் நாக்கு பொய்யின்னு ஆயிருமேன்னு, இத்தனை நாளா ஊட்டுலயே வெச்சிருந்தா. கண்ணாலத்துக்குப் பொண்ணு வெச்சிருக்கறவ. நீ மறுபடி நாக்குல வெச்சுச் சொல்லட்டும்னுதான் இன்னைக்கு எடுத்துட்டு வந்திருக்கறா."

அவ கிட்ட வந்தா. சரி, இன்னைக்கு நம்ம மானத்த வாங்கப் போறான்னு நின்னுட்டிருந்தேன். வாங்கட்டும். பேசட்டும். பதிலுக்கு நாலு வார்த்தை நானும் மனசுல எடுத்து வெச்சிருந்தேன். அவ நாலு பேரு முன்னால என்னைத் திட்டியிருந்தா, நானும் திட்டிட்டு ஊட்டுக்குப் போயிச் சோத்தத் தின்னிருப்பனுங்க.

வந்து என்ற தாவாக்கட்டையப் புடிச்சுப் பாத்துட்டு, "வாயி நல்லாயிருச்சாண்ணா?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான் கேட்டா. வெல்லத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வெலை என்னன்னு கூடக் கேக்கல. வாயி நல்லாயிருச்சான்னு கேட்டுட்டு நிக்கறா. அதுக்கு நான் என்னங்க பதில் சொல்றது? இருவது வருசமா மண்டில என்ற வாய் சொன்னதுதான் சட்டம், அந்த வாய்ல ஒரு சொல்லு வரல. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. பொய் சொல்லல, நெசமாவே வந்துருச்சு. மரத்துப் போகப் போட்ட ஊசி இன்னும் விடலைன்னு மாரப்பங்கிட்டச் சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். ஊசி போட்டு மாசமாச்சு.

சரக்குல உப்பு இருந்துச்சுங்க. அத நான் இப்பவும் விட்டுக் குடுக்க மாட்டேன். இருந்தது இருந்ததுதான். எங்கிருந்து வந்துச்சுங்கறத... அத விடுங்க.

இன்னும் அவளுக்குப் பதில் சொல்லலீங்க. நாளைக்குப் பாவாத்தா ஊடு வரைக்கும் போயிட்டு வர்றேன்னு ருக்குமணிகிட்டச் சொன்னேன். எதுக்குன்னா. அவ ஆலையப் பிரிக்கறதுக்குள்ள போயி வெல்லம் வாங்கோணும்னேன். "சக்கரைக்காரனுக்கு எதுக்கு வெல்லம்? வேற எதுக்குப் போறீங்கன்னு எனக்குத் தெரியாதா?"ங்கறா. அவளுக்கு என்னங்க தெரியும்.

இருங்க, என்ற பேரத்தான் கூப்பிடறாங்க.